ஊர் கலைந்தவர்களின் பந்தி

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்கள், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்ற சிநேகிதர்களைத் தேடிச் சேர்த்து ஒருவேளைச் சோறு சேர்ந்து உண்ணவேண்டுமென்று ஆசை கொள்ளும்போது, அதற்கு உகந்த ஸ்தலமாகப் பெரும்பாலும் பெட்டாலிங் ஜெயாவையே தேர்ந்துகொள்கிறார்கள். காரணம் கேட்டால் சாலையைச் சொல்வார்கள். கிள்ளானிலிருந்து வருகிறவருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருகிறவருக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் அது இடைவழி. கார் இல்லாதவருக்கு 1998ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் எல்.ஆர்.டி. ரயில் தாமான் ஜெயாவிலும் ஏசியா ஜெயாவிலும் நின்று செல்கிறது. ஜாலான் காசிங்கை ஒட்டியும் செக்‌ஷன் 17 கடைவரிசையிலும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. காரை நிறுத்தவும் இடம் கிடைக்கும் என்பார்கள். (கடைசிக் காரணத்தைச் சொல்லுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அங்கே போய்ப் பார்த்ததில்லை போலும்.)

இவை மெய்யே ஆயினும் போதா. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பயின்றவர்கள் பொங்கலுக்கு ஊர் திரும்புகையில் பழைய பள்ளிக்கூடத்துத் திண்ணையிலோ, கோயில் வாசலிலோ, எவரேனும் ஒருவருடைய வீட்டுக் கூடத்திலோ கூடிவிடலாம். அதற்கென்று ஒரு போஜனசாலையைத் தேட வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கிலோ பள்ளி இடம்பெயர்ந்துவிட்டது, ஊர் அழிந்துவிட்டது, வீடு வேறொரு காரணத்தால் உதவாமற் போயிற்று. இம்மூன்றும் கைவிட்ட பிறகே உணவகம் அவர்களுக்கு வாய்த்தது என்பதும், ஆகவே அங்கே விரிக்கப்படும் இலை வயிற்றுக்கு மாத்திரம் விரிக்கப்படுவதன்று என்பதும் என் கருத்து.

முதலில் ஊரைப் பார்ப்போம். பெட்டாலிங் ஜெயாவே ஒரு தோட்டத்தின்மேல் எழுந்த நகரம். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த நாளில், கோலாலம்பூரில் குடிசை போட்டு நெருங்கிக் கிடந்த மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டிய நிர்ப்பந்தம் அரசாங்கத்துக்கு ஏற்பட்டபோது, எஃபிங்ஹாம் என்னும் 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் 1952ஆம் ஆண்டை ஒட்டி வீடுகள் எழும்பின. அந்நாளைய ஹைகமிஷனர் டெம்ப்ளரின் பெயரை அங்குள்ள ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. 2006ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி மாநகர் என்னும் அந்தஸ்தைப் பெற்ற இந்நகரம், இடமற்றவர்களுக்கு இடம் தருவதற்காகவே பிறந்தது என்பதை அதன் வசதியான வீதிகளில் நடக்கிறவர்கள் எளிதில் மறந்துபோகிறார்கள்.

எஃபிங்ஹாமுக்கு நேர்ந்தது மற்றத் தோட்டங்களுக்கும் நேர்ந்தது. 1970களின் நடுவே சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறத் தொடங்கியது. எஃபிங்ஹாமின் எஞ்சிய பகுதி செம்பனைத் தோட்டமாக இருந்து பின்னர் பண்டார் உத்தாமா ஆயிற்று. லயத்து வீடுகளும் ஆயாக்கொட்டகையும் கித்தாப் பால் நிறுத்த கொட்டகையும் போயின. மாரியம்மன் கோயில்களிற் சில தப்பின. ஆனால் பெயரைக் காப்பாற்றியது பெரும்பாலும் பள்ளிக்கூடமே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் அவர்களுக்கொரு பள்ளி நடத்த வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தபோது, அவ்விதியை உபசாரத்துக்காக நிறைவேற்றிய துரைமார் பலர். ஒரு கொட்டகை, எழுத்தறிந்த கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் பாடம் சொல்வது, அவ்வளவே. அவ்விதம் முளைத்தவையும் உட்பட 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் இருப்பவை ஐந்நூற்று இருபதைச் சற்றே தாண்டும். புதிய தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி கிடைப்பது அரிதாகையால், தோட்டம் அழிந்த இடங்களில் பழைய பள்ளியின் உரிமத்தையே புது நகரத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவருவது வழக்கமாயிற்று. அதனால்தான் மாடிக் கட்டடங்களுக்கும் பேரங்காடிகளுக்கும் நடுவே பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளியும், சுபாங் ஜெயாவில் சீஃபீல்ட் தமிழ்ப்பள்ளியும் நிற்கின்றன. அங்கே பயிலும் பிள்ளைகளில் எத்தனை பேர் பால்மரத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்!

ஆகவே, தோட்டத்துப் பள்ளியில் 1970களில் ஆறாம் ஆண்டுவரை பயின்ற ஒருவர் இன்று தம் பள்ளியைக் காண விரும்பினால், அவர் காண்பது பெயரொன்றும் உருவம் வேறுமான ஒரு கட்டடத்தையே. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாத்திரம் நேர்ந்த கதியென்றும் இதைச் சொல்வதற்கில்லை. 1893இல் தொடங்கிய புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளி 2000ஆம் ஆண்டில் சேராசுக்குப் பெயர்க்கப்பட்டு வேறு பெயர் பூண்டது. கோலாலம்பூரின் நடுமையத்தில் அது நின்ற மனையில் 2007இல் பவிலியன் பேரங்காடி திறக்கப்பட்டது. அங்கே பயின்ற மங்கையர் தாம் ஒருகாலத்தில் கணக்குப் போட்ட இடத்திலேயே இன்று குளிர்சாதன உணவகத்தில் அமர்ந்து உண்ணலாம். பள்ளி உணவகமாவது என்பது அவர்கள் விஷயத்தில் அலங்காரமன்று, நில அளவைக் கணக்கு. பிரிக்பீல்ட்ஸில் நிலைமை தலைகீழ்: 1904இல் எழுந்த விவேகானந்த ஆசிரமம் நிற்கிறது, அதன் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் நிற்கிறது, ஆனால் அங்கு பயின்ற ரயில்வே ஊழியர் பிள்ளைகள் வாழ்ந்த குவார்ட்டர்ஸ் வரிசைகள் இடிபட்டு, ரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது.

இனி வீடு. விருந்து என்றால் வீட்டில் இடுவது என்பதே நம் மரபு. காசு கொடுத்து உண்பது வழிப்போக்கனுக்கு விதித்தது. பின் ஏன் ஒருவரும் சகபாடிகளை வீட்டுக்கு அழைப்பதில்லை? நம்முடைய புராண இதிகாசங்களில் ஒருசாலை மாணாக்கர் மீண்டும் சந்தித்த வரலாறுகள் இரண்டு பிரசித்தம். சாந்தீபனி முனிவரிடம் கண்ணனோடு பயின்ற குசேலர் கந்தையில் முடிந்த அவலோடு துவாரகைக்குப் போனார்; போனவருக்கு உபசாரம் கிடைத்தது, கேளாமலே செல்வமும் கிடைத்தது. துரோணரும் தம்மோடு பயின்ற துருபதனை நாடிப் பாஞ்சாலத்து அரண்மனைக்குப் போனார். சமமில்லாதவர்க்குள் சிநேகம் ஏது என்று அவன் சொன்ன சொல்லிலிருந்து ஒரு மகாயுத்தத்தின் விதைகளில் ஒன்று விழுந்தது. முதற்கதையை நாம் ஆயிரந்தடவை சொல்லுகிறோம், இரண்டாவதைச் சந்தர்ப்பம் நேர்ந்தால் மட்டும் சொல்லுகிறோம். உலகியலில் நிகழ்வது பெரும்பாலும் இரண்டாவதே என்று நான் எண்ணுகிறேன். ஆனால் இரண்டு கதைகளுக்கும் பொதுவான ஒன்றுண்டு: இரண்டிலும் வறியவன் செல்வனுடைய வாசலில் போய் நிற்கிறான். ஒருவர் வீட்டுக்காரராகவும் மற்றவர் வந்தவராகவும் ஆகிவிட்ட அந்தக் கணத்திலேயே, ஒரே பலகையில் அமர்ந்த சமத்துவம் முறிந்துவிடுகிறது.

உணவகத்துக்கு வாசற்படி உண்டு, ஆனால் வீட்டுக்காரர் இல்லை. டாமன்சாராவில் பங்களா வைத்திருப்பவரும், பழைய கிள்ளான் சாலைப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் நான்கு பேரோடு நெருங்கி வாழ்கிறவரும், தத்தம் வீட்டைக் காட்டாமலே அங்கே எதிரெதிர் அமரலாம். எந்தக் காரில் வந்தார் என்பதைக்கூட நிறுத்துமிடத்தின் நெரிசல் மறைத்துவிடுகிறது. ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் கியோர்க் சிம்மெல் 1910இல் உணவைப் பற்றி எழுதிய கட்டுரையில், உண்ணுதல் போல் தனக்கே உரிய செயல் வேறில்லை, ஒருவன் உண்டதை இன்னொருவன் உண்ண முடியாது, அப்படிப்பட்ட செயலே மனிதரைக் கூட்டிவைக்கும் செயலாக ஆனது விசித்திரம் என்று ஆராய்ந்தார். அவர் வாழையிலைச் சாப்பாட்டைக் கண்டிருந்தால் தம் கொள்கைக்கு நல்ல உதாரணம் கிடைத்ததென்று மகிழ்ந்திருப்பார்: சோறும் மூன்று காய்கறியும் அப்பளமும் ரசமும் அவரவர் இலையில் தனித்தனியே, பொரித்த மீனும் நண்டும் ஆட்டிறைச்சி வறுவலும் நடுவிலே, எல்லாருக்கும் பொதுவாக. இன்னொரு நயமும் உண்டு. இலையை மடிக்காதவரையில் பரிமாறுகிறவர் வாளியோடு திரும்பத் திரும்ப வருவார். பேச்சு சுவைத்துவிட்டால் இலை மடங்குவதில்லை, கை காய்ந்துபோகிறது, மூன்றாம் முறை சோறு வேண்டாமென்று சொல்லியும் ரசம் வாங்கிக்கொள்கிறார்கள். ஆயினும் மதிய வேளையில் மேசைக்குக் காத்து நிற்பவர்களின் பார்வை முதுகில் படும். அப்போது கூட்டம் எழுந்து, அடுத்த தெருவில் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போய்த் தே தாரிக் சொல்லி உட்கார்ந்துகொள்கிறது. அங்கே ஒரு குவளைத் தேநீருக்கு மூன்று மணி நேரம் இருந்தாலும் எழுந்துபோகச் சொல்லுகிறவர் இல்லை.

மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தமிழர் மட்டுமல்லர் என்பதையும் நோக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு நண்பர்களின் கூட்டம் முழுக்கத் தமிழர் கூட்டம். இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவ நண்பர்களின் கூட்டத்தில் மலாய்க்காரரும் சீனரும் இருப்பர். முஸ்லிம் நண்பர் பன்றியிறைச்சி புழங்கும் இடத்துக்கு வாரார். இந்து நண்பர் மாட்டிறைச்சி தொடமாட்டார். வெள்ளிக்கிழமை என்றாலோ புரட்டாசி மாதம் என்றாலோ மரக்கறியோடு நிற்பவர் இருவரேனும் இருப்பர். இத்தனை விலக்குகளையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பெரும்பாலும் வாழையிலைக் கடையோ மாமாக் கடையோதான். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் நாசி லெமாக்கும் பல இனத்தவர் ஒருங்கே அமர்ந்து உண்ணும் மலேசியக் காலையுணவு வழக்கமாக யுனெஸ்கோவின் மானிட மரபுப் பட்டியலில் 2024இல் இடம்பெற்றன. அப்பட்டியலில் ஏறியதற்காக நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் அவ்வழக்கத்தைக் கற்பித்தது பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச்சாலை என்பதை ஒருவரும் பேசக் காணோம்.

அம்மேசையில் பேசப்படும் பாஷை இன்னொரு சரித்திர சாட்சியம். ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்பு 1970இல் மலாய்க்கு மாறியது. ஆண்டுதோறும் ஒரு வகுப்பாக ஏறி, 1980இல் அம்மாற்றம் ஐந்தாம் படிவத்தை எட்டியது. ஆதலால் 1962இலோ அதற்கு முன்போ பிறந்தவர்கள் பழைய வாத்தியாரைக் கேலி செய்யும்போது ஆங்கிலத்தில் செய்கிறார்கள். ஒரே ஓர் ஆண்டு பிந்திப் பிறந்தவர்கள் அதே கேலியை மலாயில் செய்கிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, பெராலிஹான் என்னும் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து, தம்மினும் ஓராண்டு இளையவர்களோடு முதலாம் படிவத்தில் உட்கார்ந்தவர்கள் மூன்று பாஷைகளிலும் சிரிக்கத் தெரிந்தவர்கள். எந்தப் பாஷையிலாயினும் அக்கேலி பழகிய உரிமையின் பேச்சே. திருக்குறள் ‘பழைமை’ என்று ஓர் அதிகாரத்தையே, எண்பத்தோராவது அதிகாரத்தை, நெடுநாள் நண்பர் எடுத்துக்கொள்ளும் உரிமைக்கு ஒதுக்கியிருக்கிறது. டத்தோ பட்டம் பெற்ற தொழிலதிபரை, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் எல்லார் முன்னிலும் ‘டேய், மொட்டை’ என்று கூப்பிட, அவர் திரும்பிப் பார்த்து ‘என்னடா?’ என்று கேட்பதை அங்கே காணலாம். வேறெங்கும் காண முடியாது.

இக்கூட்டங்கள் இப்போது பெருகியிருப்பதற்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒரு காரணம் என்பர். வயது இன்னொரு காரணம். தனியார் துறை ஊழியரின் ஓய்வு வயது 2013 ஜூலையில் 55இலிருந்து 60 ஆயிற்று. அவ்வயதை நெருங்குகிறவர்களுக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், கையில் பொழுது உண்டு, தொலைபேசியும் உண்டு. ஆனால் தொலைபேசி ஆள் சேர்க்குமே அன்றிச் சோறு போடாது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்து, கடைகளில் அமர்ந்து உண்பதும் தடைப்பட்டபோது, குழுக்களில் வாழ்த்துப் படங்கள் நிறைந்தன. சிநேகம் நிறைந்ததென்று சொல்வதற்கில்லை. ராபர்ட்ஸ், டன்பார் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இருவர் பள்ளி விட்டுப் பிரிந்த மாணவர் முப்பது பேரைப் பதினெட்டு மாதங்கள் தொடர்ந்து நோக்கி, பேசிக்கொண்டிருந்தால் பெண்களின் நட்பு தேயாமல் நிற்கிறது, ஆண்களின் நட்போ சேர்ந்து ஏதேனும் செய்தால்தான் நிற்கிறது என்று 2015இல் வெளியிட்டனர். முப்பது பேரை வைத்து மனிதகுலத்தை அளப்பதில் எனக்குத் தயக்கம் உண்டெனினும், பந்து விளையாடும் முழங்கால் போய்விட்ட வயதில் ஆண்கள் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் உண்பது ஒன்றே என்பது கண்கூடு.

உண்டு முடித்துப் பேசுவது என்ன? ஞாபகங்கள் என்போம். இங்கேதான் நான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பாரிக் என்பவரும் அவர் துணைவர்களும் 1975இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உயர்நிலைப்பள்ளி முடித்த 392 பேரிடம் பழைய வகுப்புத்தோழர்களின் முகங்களையும் பெயர்களையும் காட்டிச் சோதித்தனர். பள்ளி விட்டுப் பதினைந்தாண்டு ஆனவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் அடையாளம் கண்டுகொண்டனர். நாற்பத்தெட்டு ஆண்டு கழிந்தும் முகங்களில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு தேறிற்று. ஆனால் எதையும் காட்டாமல், வகுப்பிலிருந்தவர் பெயர்களைத் தாமே நினைத்துச் சொல்லும்படி கேட்டபோது அந்த அளவு முப்பது விழுக்காட்டுக்கு இறங்கியது. அதாவது முகத்தைக் கண்டால் ஞாபகம் வரும். முகம் வராவிட்டால் ஆளே மறந்துபோகும். கூட்டத்துக்கு வராதவர் மெல்ல மெல்ல வகுப்பிலேயே இராதவராகிவிடுவதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வராதவர் யார்? மூன்றாம் படிவத்து இறுதியில் எல்.சி.இ. என்றும், பின்னர் எஸ்.ஆர்.பி. என்றும் ஒரு தேர்வு, 1993இல் பி.எம்.ஆர். அதன் இடத்தில் வரும்வரை, தேறாதவர்களைப் பள்ளியை விட்டே வெளியேற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து லாரியிலோ சைக்கிளிலோ வந்து, மாலையில் வீட்டு வேலையும் செய்த பிள்ளைகள் அதில் நின்றுபோனது மிகுதி. ஐந்தாம் படிவத்துப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடும் ஏற்பாட்டாளர், எவ்வளவு நல்ல மனமுடையவராயினும், மூன்றாம் படிவத்தோடு போனவரைத் தேடுவதில்லை. ஏனெனில் அவர் படத்தில் இல்லை. பெண்களும் குறைவாகவே வருகிறார்கள். மாலைக் கூட்டமாயின் அறவே வாராதவர் பலர். இந்த வகுப்புகளின் உண்மையான சரித்திரம் மேசையில் இருப்பவர்களைக் காட்டிலும் வராதவர்களிடம் அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இருப்பவர்களும் முழுவதையும் சொல்வதில்லை. மூவரைச் சேர்த்து உட்காரவைத்து ஒன்றை நினைவுகூரச் செய்தால், அவர்கள் ஒருங்கே சொல்லுவது, மூவரும் தனித்தனியே நினைத்துச் சொன்னவற்றைச் சேர்த்த தொகைக்குக் குறைவாகவே இருக்கும் என்று வெல்டனும் பெல்லிஞ்ஜரும் 1997இல் சோதித்துக் காட்டினர். ஒருவர் பேச்சு மற்றவர் நினைவின் தொடர்ச்சியை அறுத்துவிடுகிறதாம். நம் கூட்டங்களில் இதற்குச் சோதனைச்சாலை வேண்டா. சத்தமாகப் பேசுகிறவர் ஒருவர் இருப்பார். அவர் ஆண்டுதோறும் சொல்லும் நான்கைந்து கதைகள், பிரம்பு ஒடிந்த கதை, விளையாட்டுப் போட்டியில் காற்சட்டை கிழிந்த கதை, வகுப்பின் கதைகளாக நிலைத்துப்போகும். தோட்டம் துண்டாடப்பட்ட ஆண்டில் பள்ளியை விட்டு நின்றவர் யார், குடியுரிமை இல்லாதவருக்குரிய சிவப்பு அடையாள அட்டையால் எந்தத் தகப்பனுக்கு வேலை போயிற்று என்பவை அச்சிரிப்பில் அமிழ்ந்துபோகும்.

பில் வரும்போது சமத்துவம் சிறிது ஆட்டங்கொள்ளும். ‘நான் பெலாஞ்சா பண்றேன்’ என்று, எல்லார் செலவையும் தாமே ஏற்க, ஒருவர் எழுவார். அவர் எழுவது அன்பினால் என்று எல்லாருக்கும் தெரியும், எழ முடியாதவர் குனிந்து கைபேசியைப் பார்ப்பதும் எல்லாருக்கும் தெரியும். சிலர் அதற்கொரு யுக்தி கண்டிருக்கிறார்கள். சாப்பாட்டுச் செலவைத் தலைக்கு இத்தனை வெள்ளி என்று சமமாகப் பிரித்துவிட்டு, வசதியுள்ளவர் அதற்குமேல் தர விரும்புவதைப் பழைய பள்ளிக்குத் தரச் சொல்லுகிறார்கள். தமிழ்ப்பள்ளிகளிற் பெரும்பாலானவை அரசின் பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, கட்டடமும் நிலமும் பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் பொறுப்பு. ஆகையால் கூரைக்கும் கணினி அறைக்கும் கேட்கும் கை ஓய்வதில்லை. இவ்வுதவி குசேலருக்குக் கிடைத்ததைப்போல் கேளாமல் கிடைப்பதன்று, ரசீதோடு கொடுப்பது. எனக்கு இதுவே மேலாகப் படுகிறது.

இக்கூட்டங்களை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அழிந்துபோன தோட்டங்களின் வாழ்க்கை, கம்பெனிக் கணக்குகளில் ஏக்கராகவும் ராத்தலாகவும் பதிவானதே தவிர, பிள்ளைகளின் கண்ணால் பதிவானது சொற்பம். அக்கண்களுக்கு உரியவர்கள் இப்போது அறுபதை ஒட்டியவர்கள். வருகிறவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே, தனியாக உட்கார்ந்து, எந்த டிவிஷன், எந்த லயம், எந்த வாத்தியார், யார் யார் இடையில் நின்றார்கள், பள்ளி எப்போது பெயர்க்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஏன் தனியாக என்பதை மேலே சொன்னேன். அத்தாள்களை ஒருவர் இலை போடுவதற்கு முன்பே வாங்கிப் பையில் வைத்துவிடுவது நல்லது. பிறகு என்று விட்டால் எல்லார் கையிலும் குழம்பு இருக்கும்.